அறுபத்தொன்றாம் நாள்

பிப்ரவரி 2, ஞாயிறு

அவர் வந்துவிட்டார். இந்தத் தடவை ஒரேயடியாக.

இருபத்துநாலு வருடம் பட்டாளத்தில் இருந்த ஹவில்தார் புருஷோத்தமன், அதாவது என் வீட்டுக்காரர், காலை ஏழு மணிக்குக் காட்பாடியில் இறங்கினார். முன்னாள் படைவீரர் சங்கத்து ஆட்கள் மேளம் வைத்து அழைத்து வந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பெயரே மிலிட்டரி தெருதான். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிறார், இல்லாவிட்டால் இருந்துவிட்டு வந்திருக்கிறார். அதனால் இங்கே பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, புருஷனுடைய பதவிதான் பெயர். எதிர்வீட்டுச் சுலோச்சனா அக்கா சுபேதாரம்மா. நான் ஹவில்தாரம்மா. அங்கன்வாடியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். என்னைத் தமயந்தி டீச்சர் என்று கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள்.

லீவுக்கு வரும்போதெல்லாம் கேன்டீனிலிருந்து எனக்கு ஒரு டைரி கொண்டுவருவார். இதுவரை எல்லாவற்றிலும் கோலம்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன். இந்த வருடம் எழுதப் போகிறேன். நான் வீட்டில் தனியாகச் சத்தம் போட்டுப் பேசுகிறவள். மிக்சியைத் திட்டுவேன், கேஸ் அடுப்பைத் திட்டுவேன், மழையைக் கூடத் திட்டுவேன். இனி வீட்டில் ஆள் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு கைக்கு வேலை கொடுக்க வேண்டியதுதான்.

மதியம் மட்டன், ராத்திரி கோழி. லீவு சாப்பாடு.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை நாலரைக்கு விசில் ஊதினார். எங்கள் பெண் நித்யகலாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை அடுத்த மாதம். “படிக்கற புள்ள ஆறு மணி வரைக்கும் தூங்கலாமா?” என்றார். கலா போர்வையோடு எழுந்து வந்து என் காதில் கேட்டாள், “மா, இது வூடா, கேம்ப்பா?”

“உஷ். அப்பா லீவுல வந்திருக்காரு” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாசல் ஓரத்துக் கற்கள் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார். முருங்கை மரத்துக்கு இடுப்பு வரைக்கும் காவி, அதற்கு மேலே ஒரு பட்டை வெள்ளை. பார்த்தால் மரம் பேன்ட் போட்டுக்கொண்டு பெல்ட் கட்டியிருக்கிறது.

“நல்லா இருக்குதா?”

“ரொம்ப நல்லா இருக்குதுங்க.”

வேறென்ன சொல்வது? எங்கள் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. என் மாமியார் இருந்தவரை அதைக் காவல் காத்தார். லீவில் வந்த ஆளிடம் குறை சொல்லக் கூடாது. சண்டை கூடாது, கெட்ட சேதி கூடாது. வருடத்தில் அறுபது நாள்தான் வருகிறார், அந்த அறுபது நாளும் வீடு சிரித்த முகமாக இருக்க வேண்டும். அறுபதாம் நாள் ரயிலுக்குப் புளிசோறு கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் எதற்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து அழுதுகொள்ளலாம்.

இப்போது அறுபது நாள் கணக்கு இல்லை. ஆனால் வாய்க்கு அது இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று பெரிய விசேஷம். சங்கத் தலைவர் சுபேதார் ஏகாம்பரம் மாமா, அதாவது சுலோச்சனா அக்காவின் வீட்டுக்காரர், ஆறு பேரோடு வந்து இவருக்கு மாலை போட்டு, கை நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவியைக் கொடுத்தார். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறக்கிற சாவி. யார் புதிதாக ரிட்டயர் ஆகி வந்தாலும் ஒரு வருடம் வால்வு டியூட்டி அவருக்குத்தான். போன வருடம் வந்த நாயக் முனிரத்தினம் சாவியைக் கொடுத்துவிட்டு, பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர் மாதிரி கண் கலங்கி நின்றார்.

“இதுல இன்னா டிரெயினிங் சார் வேணும்?” என்று இவர் கேட்டார்.

“ஒண்ணும் வேணாம். தொறக்கணும், மூடணும், திட்டு வாங்கணும். ஆர்டர்!” என்றார் மாமா. இவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் சுலோச்சனா அக்கா வீட்டில் தெருப் பெண்கள் உட்கார்ந்து வடாம் பிழிந்தோம். அக்கா முதல் கேள்வியே, “சண்டை போட்டியா?” என்றார்.

“இல்லக்கா. இன்னாத்துக்குச் சண்டை?”

“இருபத்திரண்டு நாளாச்சு. எங்க வூட்ல பதினேழாம் நாளே அவரு சட்டியத் தூக்கிப் போட்டு உடைச்சாரு.”

“எங்க வூட்ல முப்பத்தொண்ணு. உடைச்சது நானு” என்றாள் முனிரத்தினத்தின் மனைவி, பெருமையாக.

எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். இந்தத் தெருப் பெண்களுக்கு வெயில் வரும் முன்பே மூளை காய்ந்துவிட்டது.

பிப்ரவரி 28, வெள்ளி

அவருடைய கறுப்புப் பெட்டியில் வேப்பிலை போடலாம் என்று திறந்தேன். பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்து ஒரு மாதம் ஆகப்போகிறது. துணி எல்லாம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. காலையில் எடுக்கிறார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதிலேயே வைக்கிறார்.

கம்பளிச் சட்டைக்கு அடியில் ஒரு விண்ணப்பப் பாரம் இருந்தது. டி.எஸ்.சி. பாரம். ரிட்டயர் ஆன பட்டாளத்துக்காரர்கள் மறுபடி யூனிபார்ம் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு ஊரில் ராணுவக் கிடங்குக்குக் காவல் நிற்கிற வேலை. மறுபடியும் பத்து மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. ஏப்ரல் ஐந்துக்குள் நேரில் கொடுக்க வேண்டுமாம். இன்னும் எதுவும் எழுதவில்லை.

நல்லதுதான். போகட்டும். விசில் இல்லாமல் தூங்கலாம், வீடு பழையபடி இருக்கும். நான் சத்தமாகப் பேசிக்கொள்ளலாம். எனக்கு இதில் ஒன்றும் இல்லை.

பாரத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். வேப்பிலை போட மறந்துவிட்டது. ராத்திரி சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். “சூப்பர்” என்று சொல்லிச் சாப்பிட்டார்.

மார்ச் 3, திங்கள்

கலாவுக்குப் பரீட்சை தொடங்கியது. இவர் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, மூன்று மணி நேரமும் பள்ளிக்கூட வாசலில் நின்றே இருந்தாராம். உட்கார நாற்காலி கொடுத்தார்களாம், வேண்டாம் என்றாராம். வாட்ச்மேன் இவரை இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஆள் என்று நினைத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டாராம். கலா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “ஜன்னல் வழியா மீச தெரிஞ்சிது மா. பயமே இல்ல.”

மார்ச் 15, சனி

நான் அங்கன்வாடிக்குப் போன நேரத்தில் சமையலறையைச் சீர்திருத்திவிட்டார். டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ஒன்று முதல் இருபத்தேழு வரை. சுவரில் ஒரு பட்டியல். 14 கடுகு, 9 மிளகு, 22 பெருங்காயம்.

எண்ணெய் காய்கிறது, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் கடுகைத் தேடுகிறேன்.

“சௌகரியமா இருக்குதா?”

“ரொம்ப சௌகரியம்ங்க.”

ரசம் தீய்ந்துவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

தெருவின் மறுகோடி மேட்டு வீட்டுப் பட்டம்மாள் அக்கா இரண்டு குடத்தோடு கொல்லைப் பக்கமாக வந்தார். அவர் மகன் தினகரன் இவருடைய பட்டாலியனில்தான் சிப்பாயாக இருக்கிறான்.

“இன்னாக்கா, அங்க தண்ணி வரலியா?”

“ரெண்டு நாளா சொட்டு கூட ஏறல. வெயிலு வந்துட்டா மேட்டுக்குக் கூட நேரம் வுடணும். முனிரத்தினம் அரமணிக்கு மேல வுடுவான்.”

இவர் எல்லாருக்கும் சரிசமமாக, கடிகாரம் பார்த்து இருபது நிமிடம் விடுகிறார். “அவருகிட்ட சொல்லுக்கா” என்றேன்.

“தினமும்தான் வந்து வாசல்ல நின்னுக்கினு, கம்ப்ளைன்ட் ஏதாவது உண்டான்னு கேக்கறாரு. அந்த மாதிரி நிமிந்து நின்னு கேட்டா எனக்கு இல்ல சார்னுதான் வாயில வருது. பாவம், லீவுல வந்த மனுசன். நீயும் சொல்லாத.”

நானும் சொல்லவில்லை. எங்கள் போர்வெல்லில் மொண்டுகொண்டு போனார். சாயங்காலம் இவர் வால்வு டியூட்டி நோட்டில் எழுதியிருந்தார்: “புகார் எதுவும் இல்லை.” முப்பது நாளும் அதே வரிதான்.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடியும் அக்கா வீட்டில் வடாம். “சண்டை?” என்றார் சுலோச்சனா அக்கா.

“இல்லக்கா.”

அக்கா மாவைக் கீழே வைத்தார். “தமயந்தி, சிரிச்சிக்கினே இருந்தா அந்தாளுக்கு எப்படித் தெரியும், வந்து சேந்துட்டோம்னு? எங்க வூட்டுக்காரரு வந்த புதுசுல, உன்ன மாதிரிதான் நானும் வாய மூடிக்கினு இருந்தேன். ஒரு நாளு சொல்றாரு, ‘லாட்ஜ்ல தங்கற மாதிரி கீது சுலோ’ன்னு. அதுக்கப்புறம்தான் சங்கத்துல பேசி இந்த வால்வு டியூட்டியே வெச்சாங்க. ஊரு வாயில வுழுந்தாத்தான் ஊருக்காரன் ஆவான்னு.”

பாரத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் போவதும் போகாததும் அவர் இஷ்டம்.

மார்ச் 26, புதன்

பரீட்சை முடிந்தது. டிபன் சாப்பிடும்போது கலா சாதாரணமாக, “ப்பா, எப்ப கிளம்புற? போகும்போது அந்த டார்ச்ச எனக்குக் குடுத்துட்டுப் போ” என்றாள். பழக்கம்தான். வருடா வருடம் கேட்கிற கேள்வி.

கேட்டுவிட்டு அவளே கையை வாயில் வைத்துக்கொண்டாள். இவர் சிரித்தார். எழுந்து போய் டார்ச்சைக் கொண்டுவந்து கொடுத்தார். தட்டில் ஒன்றரைத் தோசை அப்படியே இருந்தது. மாவு கொஞ்சம் புளித்திருக்கும்.

மார்ச் 31, திங்கள்

பட்டம்மாள் அக்கா துணிப் பையைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், மேலே மகன் பெயர். எங்கள் தெருவில் யார் லீவு முடிந்து கிளம்பினாலும் அதே பட்டாலியனில் இருக்கிற பிள்ளைகளுக்கு இப்படிப் பொட்டலம் போகும்.

இவர் கையில் கொடுத்து, “நாளன்னைக்கோட அறுபது நாளு ஆவுது இல்ல சார்? தினகரன் கிட்ட சேத்துடுங்க” என்றார்.

நான் “அக்கா” என்று கத்துவதற்குள் இவர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “சேத்துடறேன்க்கா.”

அக்கா போன பிறகும் இவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ரிட்டயர் ஆனத மறந்துட்டாங்க போல” என்றேன். “ம்” என்றார்.

ஏப்ரல் 2, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை நாலு மணிக்கு எழுந்தேன். புளியைக் கரைத்தேன். மல்லி, வெந்தயம், எள் வறுத்துப் பொடித்தேன். அரிசி வடித்து ஆற வைத்தேன். வாழை இலையை அனலில் வாட்டி, பேப்பர் விரித்து, நூல் எடுத்து, மூன்றாவது பொட்டலம் கட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாள் ரயிலுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. அறுபதாம் நாள் என்று கைக்கே தெரிந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் கதவோரம் இவர் நிற்கிறார்.

“புளிசோறா?”

“ஆமாங்க.”

“சரி” என்று போனார். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் போனபோது பாரத்தைக் கட்டில் மேல் வைத்து, பேனாவால் பெயர், நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க அது?”

“டி.எஸ்.சி. அஞ்சாம் தேதிக்குள்ள குடுக்கணும். சாயங்கால வண்டிக்குப் போறேன்.” குரலில் கோபமே இல்லை. “நீயும் சோறு கட்டிட்ட. பட்டம்மா அக்கா முறுக்கு குடுத்துட்டாங்க. கலா டார்ச் வாங்கிக்கிச்சு. நான் இல்லாமலே இங்க எல்லாம் நல்லா ஓடிக்கினுதான் இருந்துது தமயந்தி. யாருக்கும் ஒரு கொறையும் இல்ல.”

“சரிங்க” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“யோவ்!”

கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. அவர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

“கொறையே இல்லியா? யாருய்யா சொன்னது உனக்கு? கடுகு எடுக்க நான் நோட்டீஸ் போர்டு பாக்கணுமா? முருங்க மரத்துக்கு எதுக்குய்யா பேன்ட்டு? மேட்டு வூட்டுல பதினேழு நாளா தண்ணி இல்ல, தெரியுமா உனக்கு? அந்தப் பொம்பள நம்ம கொல்லையில வந்து மொண்டுக்கினு போவுது!”

“நான் தினமும் கேட்டனே, கம்ப்ளைன்ட் உண்டான்னு!”

“அப்படிக் கேட்டா எவன்யா உண்டும்பான்? பட்டாளத்துல ஆபீசர் வந்து கேட்டப்ப, இருபத்துநாலு வருஷத்துல நீ ஒருவாட்டி சொல்லியிருக்கியா?”

அவர் பேனாவை எடுக்கக் குனிந்தார். நான் விடவில்லை.

“நல்லா ஓடிக்கினு இருந்துதாம்! நாலு வருஷம் முன்னாடி பித்தப்பையில கல்லுன்னு வேலூர் ஆஸ்பத்திரில கெடந்தனே, கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா? சுலோச்சனா அக்கா. கஞ்சி கொண்டாந்தது முனிரத்தினம் பொண்டாட்டி. ராத்திரி கலாவுக்குத் துணையா படுத்தது அந்தப் பட்டம்மா!”

“ஆபரேஷனா? உனக்கா?” பாரத்தைத் தள்ளிவைத்தார். “ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? நீ பனிமலையில ஒக்காந்திருந்த. அப்பறம் லீவுல வந்த. லீவுல வந்த ஆளுகிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா...”

“இப்ப நான் லீவுல வரலியே!”

“அப்ப ஏன்யா பெட்டியக் காலி பண்ணல? ரெண்டு மாசமா பீரோல ஒரு தட்டு ஈன்னு இளிச்சிக்கினு கெடக்குதே, கண்ணு தெரியல? போவாதய்யா. இங்கேயே இரு. எனக்கு நீ வேணும்.”

அதைச் சொல்லிவிட்டு நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தேன், அது பொய்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “எங்க வெட்னாங்க?” என்றார். காட்டினேன். நாலு சின்னத் தழும்பு, கொசு கடித்த தடம் மாதிரி. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் கைதட்டல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் சுலோச்சனா அக்கா, முனிரத்தினத்தின் மனைவி, இன்னும் நாலு பேர், எல்லாரும் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு நிற்கிறார்கள்.

“அறுபதாம் நாளு! இந்தத் தெருவுலயே இதான் லேட்டு” என்றார் அக்கா. “அழுது முடிச்சிட்டு வாங்க ரெண்டு பேரும். நான் போயி கேசரி கிண்டறேன்.”

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் விசில் இல்லை. ஐந்து மணிக்கு நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினார். ஆறரைக்கு முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

“தமயந்தி! திட்டிட்டாங்க!”

“யாரு?”

“பட்டம்மா அக்கா! உக்காந்துக்கினு கேட்டேன், இன்னாக்கா கஷ்டம்னு. ‘மீசய முறுக்கிக்கினு நின்னா மேட்டுல தண்ணி ஏறிடுமா? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?’ன்னாங்க. அப்பறம் நாலு வூட்டுக்காரங்க வந்து சேந்துக்கினாங்க. ஏகாம்பரம் சார் தூரத்துல நின்னு கேட்டுக்கினே இருந்தாரு. வந்து கைகுடுத்தாரு.”

அங்கன்வாடிக்குப் போகிற வழியில் தொட்டித் தூணில் ஒரு தாள் கட்டியிருப்பதைப் பார்த்தேன். புது நேரப் பட்டியல். மேட்டு வீடுகள் முதலில், முப்பத்தைந்து நிமிடம். கடைசியில் பெரிய எழுத்தில், “குறை இருந்தால் நேரில் வந்து திட்டவும். வால்வு டியூட்டி, புருஷோத்தமன்.” காற்றில் தாள் திரும்பியது. பின்பக்கம் டி.எஸ்.சி. பாரம்.

முறுக்கைத் தபாலில் அனுப்பிவிட்டோம். நொறுங்கித்தான் போய்ச் சேரும், தினகரன் தூளாகத் தின்னட்டும். கறுப்புப் பெட்டியில் இப்போது பழைய போர்வை இருக்கிறது. அவர் துணி பீரோவுக்கு ஏறிவிட்டது, அதோடு என் புடவைத் தட்டிலும் பாதியைப் பிடித்துக்கொண்டார். அதற்கு ஒரு சண்டை நடந்தது. கடுகு அடுப்புப் பக்கத்தில் பழைய இடத்துக்கு வந்தாயிற்று. முருங்கை மரத்தின் பேன்ட்டைக் கழற்ற முடியாது என்கிறார். அதற்குச் சண்டை நாளைக்குப் போடலாம்.

மூன்று வேளையும் புளிசோறுதான். அத்தனை கட்டி வைத்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அறுபத்தொன்றாம் நாளை நான் பார்த்ததே இல்லை. இன்றுதான் பார்க்கிறேன்.

சாயங்காலம் மிக்சி மக்கர் பண்ணியது. என்னை மறந்து சத்தமாகத் திட்டிவிட்டேன். வாசலிலிருந்து குரல் வந்தது, “யாருகிட்ட பேசற?”

“உங்ககிட்டதான். இங்க வாங்க” என்றேன்.

வந்தார். இனி இந்த டைரிக்கு வேலையில்லை. மீதிப் பக்கங்களில் கோலம் போட்டுக்கொள்கிறேன்.